கார்ல கீறல் விழுந்துடுச்சா? காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பார்க்கிங்கில் யாராவது உரசிட்டுப் போயிருப்பாங்க. இல்லைன்னா, புழுதியோடு துடைத்ததில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். உடனே ரப்பிங் காம்பவுண்ட் வாங்கித் தேய்க்கத் தொடங்குகிறார்கள் பலர். ஆனால் எல்லாக் கீறலும் இதில் போகாது. அளவு மீறித் தேய்த்தால், சின்னக் கீறலுக்காக முழு பேனலுக்கும் பெயின்ட் அடிக்க வேண்டி வரும்.

காம்பவுண்ட் என்ன செய்கிறது?

காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. அதில் உள்ள அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள், கீறலைச் சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துச் சமமாக்குகின்றன. அதாவது, பள்ளத்தை மறைக்க மேட்டைச் செதுக்குவது போல.

இன்றைய கார்களில் பெரும்பாலும் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் இருக்கும். காம்பவுண்ட் தேய்ப்பது இந்தக் கிளியர் கோட்டைத்தான். இதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான் மட்டுமே. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பதும் இதுதான். தேய்ந்து போனால் போனதுதான்!

எந்தக் கீறல் போகும்?

- கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் சிக்காவிட்டால் காம்பவுண்டில் போக வாய்ப்பு அதிகம்.
- தண்ணீர் தெளித்ததும் கீறல் மறைந்தால், அது மேலோட்டமானது.
- நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. பிரைமரோ தகடோ தெரிந்தால் தேய்க்கவே வேண்டாம். துருப் பிடிக்கும் முன் டச்-அப் பெயின்ட் வைக்கணும்.

எப்படித் தேய்ப்பது?

முதலில் காரை நன்றாகக் கழுவுங்க. மணல் ஒட்டியிருந்தால் புதுக் கீறல் விழும். நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சமாக எடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில் முதலில் சோதித்துப் பாருங்க. மென்மையான பாலிஷில் ஆரம்பியுங்க. போகாவிட்டால் மட்டும் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட இடம் மங்கலாகத் தெரிந்தால், மறுபடி பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்பும். கடைசியில் வேக்ஸ் பூசணும்.

கதவு ஓரம், பானெட் மடிப்பு போன்ற இடங்களில் பெயின்ட் சீக்கிரம் தேயும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவது நல்லது. மேட் ஃபினிஷ் கார்களுக்குக் காம்பவுண்டே கூடாது.

எப்போது நிறுத்தணும்?

கிளியர் கோட் உள்ள காரில், துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்க. கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. லேசாக ஒரு கோடு மிச்சம் இருந்தால், அப்படியே விட்டுவிடுவதே பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு.