குட்டி ரயில்தான்... ஓடுவது நிஜ நீராவியில்! தெரியுமா?

முழங்கால் உயரம்கூட இல்லாத ரயில் இன்ஜின். நிஜக் கரியை எரித்து, நிஜத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பெரியவர்கள் ஐந்தாறு பேரை இழுத்துக்கொண்டு ஓடும் என்றால் நம்புவீர்களா? ஓடுகிறது! அதுவும் வெறும் 5 அங்குல அகலப் பாதையில்!

பெரிய இன்ஜினின் வரைபடத்தை 12-ல் ஒரு பங்காகக் குறைத்தால் போதுமே என்கிறீர்களா? போதாது! நீளம் 12-ல் ஒன்றானால், கொதிகலனின் பரப்பு 144-ல் ஒன்றாகும். கொள்ளளவோ 1,728-ல் ஒன்றாகிவிடும். கொஞ்சூண்டு தண்ணீர், அதைச் சுற்றி அதிகப்படியான தகடு. சூடு எப்படித் தங்கும்? அசலில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட புகைக்குழாய்களை அப்படியே சுருக்கினால் கரி அடைத்துக்கொள்ளும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, குழாயைச் சற்றே பெரிதாக வைக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய இன்ஜின் கரியில் ஓடி ஆளை இழுக்குமா என்று 1920-களில் பிரிட்டனில் பெரிய வாதமே நடந்தது. ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதியவர், 2½ அங்குலப் பாதையில் ஓடும் தன் ‘ஆயிஷா’ இன்ஜினால் இழுத்தே காட்டிவிட்டார்!

செப்புக் கொதிகலனை வெள்ளிப் பற்றாசு வைத்து இணைத்ததும் நெருப்பு மூட்டிவிட மாட்டார்கள். முதலில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள். இணைப்பு விட்டால் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். நீராவி என்றால் வெடித்துவிடும்!

அடுத்துதான் உச்சக்கட்டம். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ‘குப்’ சத்தம் வர வேண்டும், நான்கும் ஒரே சீராக! ‘குப்... குப்... குப்-குப்’ என்று நொண்டியதோ, சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வு மயிரிழை நகர்ந்திருக்கிறது என்று காதே சொல்லிவிடும். வால்வுப் பெட்டியைத் திறந்து, வால்வைத் தள்ளி, மறுபடி கேட்பார்கள். இந்தக் கலையின் உயிரே இந்தக் காதுதான்.

இன்னொரு அதிசயம் இன்ஜெக்டர். 1858-ல் பிரான்ஸின் ஆன்ரி ஜிஃபார் காப்புரிமை பெற்றது. கொதிகலனின் சொந்த நீராவியே, அதே கொதிகலனின் அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது! குட்டி இன்ஜினில் அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தூசி போதும், வேலை நின்றுவிடும்.

இந்தப் பித்து பிடித்தவர்களில் வால்ட் டிஸ்னியும் ஒருவர்! 1950-ல் தன் வீட்டுத் தோட்டத்தில் கிட்டத்தட்ட அரை மைல் பாதை போட்டு, மனைவி லில்லியன் பெயரால் ‘லில்லி பெல்’ இன்ஜினை ஓட்டினார். புகைபோக்கியைத் தன் கையாலேயே செய்தார். 1955-ல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, அதைச் சுற்றி ஓடியதும் நீராவி ரயில்தான்!