டுரண்டா ஏன் காய்க்கவில்லை?

தோட்டக் கழகத்தாராகிய எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "பக்கத்து வீட்டு டுரண்டாவில் மஞ்சள் மணிகள் சரஞ்சரமாய்த் தொங்குகின்றன. எங்கள் வேலியில் மட்டும் ஏன் வெறும் இலை?"

அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த இச்செடிக்கு, இத்தாலிய மருத்துவர் காஸ்தோரே துராந்தே என்பவரின் நினைவாக 1753இல் லின்னேயஸ் பெயரிட்டார். காய்க்காமைக்குப் பெரும்பாலும் காரணம் நம் கத்திரிக்கோலே! ஊதாப் பூக்கள் புதுத் தளிர்களின் நுனியில்தான் வருகின்றன. மாதந்தோறும் மட்டமாக வெட்டினால் மொட்டு எங்கிருந்து வரும்? வேலி ஒழுங்காகவும் இருக்க வேண்டும், மணிகளும் வேண்டும் என்றால், ஓரமாக இரண்டு செடிகளை வெட்டாமல் விடுங்கள். காய் உதிர்ந்தபின் கவாத்துச் செய்தால் போதும். நிழலில் நின்றாலும் பூப்பது குறையும். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

இலை வெளுத்தால் உடனே உரம் போட ஓடாதீர்கள். முதிர்ந்த இலைகள் பழுத்து உதிர்ந்தால் வேரில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சகஜம். தங்க நிற இலை வகையில் பச்சைக் கிளை ஒன்று கிளம்பினால் அடியோடு நறுக்கிவிடுங்கள். வேகமாக வளர்ந்து மற்றவற்றை அது மூடிவிடும்.

இலையின் அடியில் வெள்ளை ஈ, மேலே பிசுபிசுப்பு, பின்னர் கரி படிந்தாற்போல் பூஞ்சணம். காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பறவைகள் இம்மணிகளை உண்ணும். ஆனால் குழந்தைகளுக்கும் நாய் பூனைகளுக்கும் இவை நஞ்சு. பார்ப்பதற்கோ மிட்டாய் போலவே இருக்கும்! ஆகவே சிறு குழந்தைகள் விளையாடும் பக்கத்து வேலியைக் காய்க்கவிடாமல் வெட்டியே வையுங்கள். உதிர்ந்தவற்றை அன்றன்றே கூட்டிவிடுங்கள். யாரேனும் தின்றுவிட்டால், தாமாக வாந்தி எடுக்க வைக்காமல், காயுடன் கூடிய ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.