சிறு தோட்டத்துக்கு ஏற்ற மா

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வீட்டு மனைகள் பெருகி, தோட்ட நிலம் சுருங்கிவிட்டது. கால் ஏக்கர், அரை ஏக்கர் உள்ளவர்கள் மா வைக்குமுன் இரண்டைக் கவனிக்க வேண்டும்: மரம் அடக்கமாக நிற்குமா? ஆண்டுதோறும் காய்க்குமா?

உயர்ந்த ரகங்கள் பலவும் ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். நமது நீலம் ஆண்டு தவறாமல் காய்க்கும். இக்குணத்துக்காகவே அதை ஆராய்ச்சியாளர்கள் பிற ரகங்களுடன் இணைத்தனர். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நீலத்தையும் தசேரியையும் இணைத்து மல்லிகா, ஆம்ரபாலி ரகங்களை உருவாக்கியது. பெரியகுளத்தில் சின்னசுவர்ணரேகாவுடன் நீலத்தை இணைத்துப் பி.கே.எம்.1 பெறப்பட்டது.

குறைந்த நிலத்துக்கு ஆம்ரபாலி ஏற்றது. குட்டை மரமாதலால் 2.5 மீட்டர் இடைவெளியில் நடலாம். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்யத் தவறினால் வெளிச்சம் குறைந்து காய்ப்பும் குறையும். கொட்டை போட்டு வளர்த்தால் தாய்க்குணம் வராது. ஒட்டுச் செடியே வாங்க வேண்டும். ஒட்டிய இடம் மண்ணில் புதையக்கூடாது. அதற்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும்.

நீலம் வைத்திருப்போர் கொட்டை வண்டிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிஞ்சில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு கொட்டைக்குள் புகுந்துவிடும். துளை ஆறிவிடுவதால் வெளியே தெரியாது. வெளிவந்த வண்டு பட்டை இடுக்கில் ஒளிந்து அடுத்த பூப்புக்குக் காத்திருக்கும். எனவே உதிர்ந்த காய்களை மரத்தடியில் கிடக்க விடக்கூடாது.

கோடைக் காற்றில் உதிரும் நல்ல காய்களை நறுக்கி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்தால் வற்றலாகும். மிஞ்சும் கொட்டைகளை எரித்துவிட வேண்டும்.