நவம்பர் 1: பட்டம் வாங்காத புனிதர்களுக்கும் ஒரு திருநாள் இருக்கு!
1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார் தேவசகாயம். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் உள்ள அவரது கல்லறைக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக வருகிறார்கள். ஆனா வத்திக்கான் புனிதர் பட்டம் கொடுத்தது 2022 மே 15-ல்தான். 270 வருஷம்! மறைமாவட்ட விசாரணை, ஆவணங்கள், புதுமை நடந்ததற்கான மருத்துவ ஆய்வு... கோப்பு நகரணுமே.

சரி, கோப்பே இல்லாதவர்கள்? தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாளும் திருமுழுக்கு பெற்றவர்தான். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

விண்ணகம் சேர்ந்த எல்லோருமே புனிதர்கள், பட்டம் அதற்கான அறிவிப்பு மட்டுமே என்கிறது திருச்சபை. பேர் தெரியாத அவர்களையும் சேர்த்துத்தான் நவம்பர் 1-ல் ‘புனிதர் அனைவர் பெருவிழா’. மறுநாள் வரும் கல்லறைத் திருநாளோடு இதைக் குழப்பிக்க வேண்டாம். அன்னைக்கு இறந்தவர்களுக்காக வேண்டுவாங்க. முதல் நாள், ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்க’ன்னு புனிதர்களிடம் கேட்பாங்க.