சிந்தியதை உறிஞ்சும் பொருள்களை எவரிடம் வாங்குவது?

கமக்காரர்களே,

சிவனொளிபாத மலைச் சாரலில் தோன்றும் களனி கங்கை, கொழும்பின் வடபால் முகத்துவாரத்திற் கடலோடு கலக்கின்றது. அதன் கரையிலுள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் சிந்தும் மருந்தும் எண்ணெயும் வாய்க்கால் வழியே ஆற்றை அடைகின்றன. கொழும்பு மக்களின் குடிநீரும் இவ்வாற்றிலிருந்தே அம்பத்தலையிற் பெறப்படுகின்றது. 2015ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஆலையொன்றிலிருந்து டீசல் கசிந்து ஆற்றிற் கலந்தமையால் அக்குடிநீர் விநியோகம் தடைப்பட்டது.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் தீப்பற்றியது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அமிலங் கசிந்த கொள்கலத்தை இறக்குதற்கு, முன்னர்ச் சென்ற இரு துறைமுகங்களிலும் இடங்கிடைக்கவில்லை. சிந்திய பின்னர் உதவி தேடி அலைவதாற் பயனில்லை என்பதே இதனால் நாம் அறியும் பாடமாகும்.

நமது களஞ்சியத்திலுள்ள அளவு சிறிதேயாயினும், ஒரு போத்தல் பீடைநாசினி உடைந்து கிணற்றிற் கலப்பின் ஒரு குடும்பத்தின் குடிநீர் கெடும். ஆதலின் உறிஞ்சும் பொருள்களை முன்னரே வாங்கி வைத்தல் வேண்டும்.

முதலிற் கணக்கெடுங்கள்

உங்கள் களஞ்சியத்திலுள்ள திரவங்கள் எவை, மிகப் பெரிய கலம் எத்தனை லீற்றர் கொள்ளும் என எழுதிக்கொள்ளுங்கள். அக்கலம் முழுவதும் சிந்தினாலும் உறிஞ்சத்தக்க அளவு பொருள் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

திரவத்திற்கேற்ற பொருள்

உலர்ந்த மணல், மரத்தூள், தும்புத்தூள் ஆகியவை எளிதிற் கிடைப்பன. இவை ஈரமாயிருப்பின் பயன் தாரா. நைத்திரிக் அமிலம், வெளிற்றுந்தூள் போன்றவற்றின்மீது மரத்தூளையோ தும்புத்தூளையோ இடலாகாது, தீப்பற்றக்கூடும். அங்கே உலர்மணலே தக்கது.

கடைகளில் விற்கப்படும் உறிஞ்சு விரிப்புகளுள் வெண்ணிறமானவை பெரும்பாலும் எண்ணெய்க்கு மட்டும் உரியவை, நீரை ஏற்கமாட்டா. உழவு இயந்திரத்தின் டீசலுக்கு இவை நல்லவை. நீரிற் கலந்து தெளிகருவியில் ஊற்றிய மருந்து சிந்தினாலோ இவை உதவா. சாம்பல் நிறமானவை நீரையும் எண்ணெயையும் ஏற்கும். மஞ்சள் நிறமானவை அமிலம் முதலிய இரசாயனங்களுக்கு ஆனவை. எனினும் நிறத்தை மட்டும் நம்பாது, பொதியிலுள்ள விளக்கத்தையும் வாசித்தறிக.

நல்ல விற்பனையாளரை அறிவது எப்படி?

1. உங்களிடம் உள்ள திரவம் யாது, எவ்வளவு என அவர் முதலில் வினவுதல் வேண்டும். வினவாது விலையை மட்டும் கூறுபவரைத் தவிர்த்தல் நன்று.

2. எந்தத் திரவத்திற்கு ஏற்றது, எதற்கு ஏலாது, எத்தனை லீற்றர் உறிஞ்சும் என்பவற்றை எழுத்தில் தருதல் வேண்டும்.

3. மாதிரி தந்து சோதிக்க இடமளித்தல் வேண்டும். ஒரு தட்டில் நீர் விட்டு அதன்மேற் சிறிது எண்ணெய் ஊற்றி, வெண்ணிறத் துண்டொன்றை இடுக. அது மிதந்து எண்ணெயை மட்டும் உறிஞ்சினால் நல்லது. நீரில் ஊறி அமிழ்ந்தால் வாங்கற்க.

4. விலையை நிறையாற் கணியாது, உறிஞ்சும் அளவாற் கணிக்க. ஒருவர் 5 லீற்றர் உறிஞ்சும் பொதியை 1,000 ரூபாவுக்கும், மற்றொருவர் 12 லீற்றர் உறிஞ்சும் பொதியை 1,200 ரூபாவுக்கும் விற்பதாகக் கொள்வோம். முன்னதில் லீற்றருக்கு 200 ரூபா; பின்னதில் 100 ரூபாவே.

5. முடிந்த பொருளை மீண்டும் தாமதமின்றித் தருவாரா என்பதையும் கேட்டறிக.

யான் சென்ற கீரைத்தோட்டமொன்றில் மலிவாக வாங்கிய மரத்தூள் மூடை ஈரமாயிருந்தது. வாங்கியவர் மூடையைத் திறந்து பார்த்தாரல்லர். களைநாசினி சிந்திய அன்று அத்தூள் அதனை உறிஞ்சவில்லை. நஞ்சு வடிகால் வழியே பாத்திக்குட் சென்றது. அப்போகத்துக் கீரை முழுவதும் சந்தைக்குப் போகாமலே அழிந்தது. மூடையைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்திருப்பின் இந்நட்டம் நேர்ந்திராது.

சிந்தியவுடன் செய்யவேண்டியவை

சிறுவரையும் கால்நடைகளையும் அகற்றுக. கையுறையும் முகமூடியும் அணிக. சிந்தியதைச் சுற்றி மணலால் வரம்பிட்டு, பின் உறிஞ்சும் பொருளை இடுக. நீரூற்றிக் கழுவற்க, கழுவினால் நஞ்சு கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் பரவும். உறிஞ்சிய பொருளை மூடியுள்ள வாளியில் இட்டு, பெயரெழுதிப் பூட்டி வைக்க. அதனை எரித்தலும், வயலிற் புதைத்தலும், ஆற்றில் எறிதலும் ஆகா. அகற்றும் முறையை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும் நாளிலேயே உறிஞ்சும் பொருளையும் சோதித்து வாங்கி வருக. உங்கள் கிணறு நன்னீர்க் கிணறாகவே நிலைக்கும்; முகத்துவாரம் வரை ஆறும் மாசின்றி ஓடும்.