லைட்டாக ஏதாவது: மாலை விருந்தாளியும் மிக்சர் பாக்கெட்டும்

மாலை ஆறே முக்காலுக்கு போன் வரும். "கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கறோம். ஒண்ணும் செய்யாதீங்க, லைட்டா ஏதாவது இருந்தா போதும்." சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன அறிவிப்பு இது. வருகிற நாலு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும், ஒருவருக்கு பிரஷர் இருக்கும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. ஆகவே பஜ்ஜி, போண்டா வேண்டாம் என்று முடிவெடுத்துப் பக்கத்துக் கடைக்கு ஓடி, 'டயட் மிக்சர்', 'பேக்டு', 'மல்டிகிரெய்ன்' என்று பச்சை நிறத்தில் எழுதியிருக்கும் பாக்கெட்டுகளாகப் பார்த்து எடுத்து வருகிறோம். நல்ல எண்ணம்தான். ஏமாறுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

பாக்கெட்டின் முன்பக்கம் விற்பவர் சொல்ல விரும்புவது. பின்பக்கம் அவர் சொல்லியே ஆக வேண்டியது. கையில் எடுத்ததும் அதைத் திருப்புங்கள். 'லோ ஃபேட்' என்று போட வேண்டுமென்றால் 100 கிராம் பண்டத்தில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறை இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. 'பேக்டு' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது. அடுப்பில் சுட்ட பண்டத்திலும் மாவு பிசையும்போதே எண்ணெய் ஊற்றியிருக்கலாம், வெந்தபின் மேலே தெளித்திருக்கலாம். ஊட்டச்சத்துப் பட்டியலில் 100 கிராமுக்குக் கொழுப்பு 35 கிராம் என்று இருந்தால், 200 கிராம் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டும்போது கூடவே 70 கிராம் கொழுப்பையும் கொட்டுகிறீர்கள். அது எந்த எண்ணெய் என்றும் சேர்மானப் பட்டியலில் பெயர் இருக்கும். 'சமையல் தாவர எண்ணெய்' என்று எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் பாமோலின் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பிரஷர்காரருக்கு வைக்கும் முன் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்று, 'ஹோம் மேட்', 'வீட்டுப் பக்குவம்'. தொழிற்சாலையில் அடைத்த பாக்கெட்டில் வாங்குபவரைத் தவறாக நினைக்க வைக்கும்படி 'வீட்டில் செய்தது' என்று போடக் கூடாது என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. அம்மா கை முறுக்கு என்று படம் போட்டு, பின்னால் தொழிற்பேட்டை முகவரி கொடுத்திருக்கும் பாக்கெட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

பாக்கெட்டைவிட உதிரியாக வாங்குவது நல்லது என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்து வைத்திருக்கும் காராசேவும் தட்டையும் அன்றைக்குப் போட்டவை போலத்தான் தெரியும். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு எதற்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதியைத் தட்டின் அருகிலேயே எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. உங்கள் தெருமுனைக் கடையில் அந்தச் சிறு அட்டை இருக்கிறதா? இல்லையென்றால், "பால்கோவா எப்போ போட்டது?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்ற அவசரத்தில் நாம் கேட்பதே இல்லை. கடைக்காரரும் நாம் கேட்கமாட்டோம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

பில் தரும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவு விற்பவரின் ரசீதில் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண் இருக்க வேண்டும். புகார் கொடுக்க அதைவிட எளிய பிடி கிடையாது. அடுத்தது எடை. தராசில் முதலில் காலி அட்டைப் பெட்டியை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிய பிறகே பண்டத்தைப் போட வேண்டும். பெட்டியோடு சேர்த்து நிறுப்பதென்றால் அட்டைக்கும் பால்கோவா விலைதான். இது உணவுத் துறை வேலை அல்ல. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை. இன்னொரு துணுக்கு: பாக்கெட்டில் அடைத்த மிக்சர், பூஜியா வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சரி, வந்தவர் பஜ்ஜிதான் வேண்டும் என்கிறார். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வருபவருக்கு, சண்முகம் சாலைப் பக்கம் வாழைக்காய் பஜ்ஜி வாசனை மூக்கில் ஏறிய பிறகு சுண்டல் ருசிக்குமா? வாங்கலாம், வாணலியைப் பார்த்துவிட்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது உடைந்து 'போலார் காம்பவுண்டு' எனப்படும் சேர்மங்கள் கூடிக்கொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். அதை அளக்க அதிகாரியிடம் கருவி இருக்கிறது, நம்மிடம் கண் இருக்கிறது. கறுத்துக் கெட்டியாகி, வாணலி ஓரத்தில் பிசின்போல ஒட்டி, பண்டம் போட்டதும் நுரை அடங்காமல் பொங்கி, சூடேறியதும் புகையத் தொடங்கினால் அது செத்த எண்ணெய். மேலே புது எண்ணெய் ஊற்றி நிரப்பினாலும் கதை மாறாது. மீந்த எண்ணெயைக் கடைகளிடமிருந்து வாங்கி பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டமும் 2018-லேயே தொடங்கியாயிற்று. கொட்டினால் நட்டம் என்று சொல்லிக் கடைக்காரர் தப்ப முடியாது.

பொட்டலத்துக்கு வருவோம். சுடச்சுட எடுத்த வடையை நாளிதழில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுப்பதை அக்கறை என்று நினைக்கிறோம். எண்ணெய் காகிதத்துக்குப் போகும்போது அச்சு மையும் வடைக்கு வருகிறது. உணவைச் செய்தித்தாளில் மடிப்பதை 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறை தடை செய்திருக்கிறது. கொதிக்கும் சாம்பாரை ஊற்றித் தரும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டுபோனால் இரண்டுக்கும் வேலை இல்லை. சட்னியைப் பொறுத்தவரை நான் கொஞ்சம் கண்டிப்பு. அது கொதிக்காத தண்ணீரில் அரைப்பது. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு பலர் மருத்துவமனைக்குப் போனதும், உயிரிழப்பு நேர்ந்ததும், குடிநீர்தான் காரணமா என்று சர்ச்சை கிளம்பியதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. பஜ்ஜியைக் கடையில் வாங்குங்கள், சட்னியை வீட்டில் அரையுங்கள். மயோனைஸ் தடவிய சாண்ட்விச் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது சும்மா அல்ல.

உண்மையில் லேசான பண்டம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. காலையில் ஊறப் போட்டிருந்தால் சுண்டல், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் அவல் உப்புமா, பொரியில் வெங்காயமும் மாங்காயும் நறுக்கிப் போட்டு ஒரு கலக்கு, பிடிகொழுக்கட்டை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. ஆனால் வீட்டுப் பண்டம் என்பதாலேயே பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டாணிச் சுண்டலுக்கு வாங்கிய உலர்ந்த பச்சைப் பட்டாணி கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினால் சாயம் ஏற்றியது. சர்க்கரைவள்ளித் தோல் வழக்கத்தைவிட ரோஸ் நிறத்தில் மினுங்கினால் பஞ்சை எண்ணெயில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அது ரோடமின்-பி. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்ய வைத்த அதே துணிச்சாயம். இந்த இரண்டு சோதனைகளும் ஆணையமே வீட்டில் செய்து பார்க்கச் சொன்னவை.

தேங்காய் போட்ட சுண்டலை மதியமே தாளித்து மூடி வைத்துவிட்டு ஏழு மணிக்குப் பரிமாறும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அறிவுரை. சித்திரை வெயிலில் தாம்பரத்துச் சமையலறைக்கு அதுவே அதிகம். பயறை அவித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஆட்கள் செருப்பைக் கழற்றும்போது தாளித்தால் போதும். வேர்க்கடலை போடுகிறீர்களென்றால் பரிமாறும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஒரு பருப்பே போதும், மூச்சு அடைத்துவிடும்.

அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் "நாளை மாலை கேழ்வரகு முறுக்கு, ஆர்டர் எடுக்கப்படும்" என்று போடும் அக்காவுக்கும் சட்டம் உண்டு. வீட்டில் செய்து விற்பவரும் உணவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவு இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பிடி. செயலியில் ஆர்டர் செய்தால், வீட்டுக்கு வந்து சேரும்போது பொருளின் ஆயுளில் குறைந்தது 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று மின்வணிக நிறுவனங்களுக்கு ஆணையம் 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது.

இனி, ஏதாவது ஆகிவிட்டால். பூஞ்சை பிடித்த இனிப்பு, சமோசாவுக்குள் பூச்சி, சாப்பிட்ட இரவே நாலு பேருக்கும் வயிற்றுப்போக்கு. ஆத்திரத்தில் பண்டத்தைக் குப்பையில் வீசாதீர்கள், அதுதான் சாட்சி. மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரசீது, பாக்கெட், பேட்ச் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தும் நிற்காமல், காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால், சிறுநீர் குறைந்தால், குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டோம், எப்போது சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

புகாரைப் பலர் மாநகராட்சிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். போக வேண்டிய இடம் உணவுப் பாதுகாப்புத் துறை. 94440 42322 என்ற அதன் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். கடை இருக்கும் இடத்தைச் சரியாக எழுதுங்கள். இங்கே ஒரு குழப்பம் உண்டு. மேற்குத் தாம்பரம் முகவரியில் 'சென்னை-45' என்றுதான் போடுகிறோம். ஆனால் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் சேலையூர்க் கடை செங்கல்பட்டு மாவட்ட நியமன அலுவலர் பொறுப்பு. மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி எல்லை, அவை சென்னை அலுவலருடையவை.

அதிகாரி வரும்வரை காத்திருக்க மனமில்லாதவருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இருக்கிறது. வாங்குபவரே கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைக் கொடுத்து 14 நாளில் அறிக்கை பெறலாம். கலப்படம் என்று வந்தால் கட்டணம் திரும்பி வரும். ஒரு நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பூச்சி போன்ற அந்நியப் பொருள் கிடந்தால் விற்றவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையும், தரம் குறைந்த பண்டத்துக்கு ஐந்து லட்சம் வரையும் அபராதம் போட முடியும். உண்டவருக்குப் பாதிப்பு என்றால் 65-ஆவது பிரிவின்படி ஒரு லட்சம் வரை, கொடுங்காயம் என்றால் மூன்று லட்சம் வரை, உயிர் போனால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு.

காசு திரும்ப வேண்டும், பட்ட பாட்டுக்கு ஈடு வேண்டும் என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர் செங்கல்பட்டில் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். நூற்றிருபது ரூபாய் மிக்சருக்கா வழக்கு என்று கேட்பார்கள். ஆணையத்துக்கு அந்தக் கேள்வி கிடையாது, ரசீது இருக்கிறதா என்பதைத்தான் கேட்கும்.