தவிட்டோடு போகும் மக்னீசியம்

நீரிழிவு பட்டணத்தாருக்கே உரிய நோய் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் முற்றும் ஒழியவில்லை. செங்கற்பட்டு மாவட்டத்தில் சூணாம்பேட்டைப் பகுதியிலுள்ள 42 கிராமங்களில், 2006-ஆம் ஆண்டு முதல், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிகள் பொருத்திய ஊர்தியை அனுப்பி 23,000-க்கு மேற்பட்டோரைச் சோதித்தனர். ஏர் பிடிப்போர் வாழும் அவ்வூர்களிலும் நோய் வேரூன்றியிருந்தது.

இந்நோயில் மருந்தைப் போலவே உணவும் கவனிக்கத்தக்கது. உணவிலுள்ள தாதுப் பொருள்களில் மக்னீசியத்தைப் பற்றி நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இன்சுலின் தரும் கட்டளையை உயிரணுவுக்குள் கொண்டு செல்லும் நொதிகள் மக்னீசியம் இன்றிச் செவ்வனே இயங்கா. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தாலோ, இத்தாது சிறுநீருடன் மிகுதியாகக் கழிந்துவிடும். எனவே குறைபாடு நோயையும், நோய் குறைபாட்டையும் மாறி மாறி வளர்க்கின்றன.

உமி மட்டும் நீக்கிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 90 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசியில் 20-க்கு மேல் தேறாது. எஞ்சியது தவிட்டோடு தொட்டிக்குப் போகிறது. இந்தப் பங்கீட்டில் ஆதாயம் அடைந்தது மாடுதான்! ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம் வேண்டுமென்பது நம் நாட்டு உணவியலார் 2020-இல் வகுத்த அளவு.

2014-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், உடல் பருத்த 15 பேர் வெள்ளரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி உண்டபோது சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதற்கு மக்னீசியமே காரணம் என்று சொல்லிவிட இயலாது. தவிட்டு நாருக்கும் பெரும்பங்கு உண்டு. தீட்டாத அரிசியும் அரிசியே. தட்டு நிறைய உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நெல் விளைவிக்காத நெசவாளர் குடும்பங்கள் கேழ்வரகு, கம்பு, பயறு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை ஆகியவற்றால் இத்தாதுவைப் பெறலாம். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 146 மில்லிகிராம் உண்டு. ஆனால் அதைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைவில் ஏறும். பயறும் கீரையும் சேர்த்து அளவாக உண்பதே தக்கது.

உப்பு எடுத்தபின் பாத்தியில் தங்கும் கசப்பு நீரில் மக்னீசியம் மிகுதி என்பதை உப்பளத் தொழிலாளர் அறிவர். அதற்காக அதைப் பருகுதல் ஆகாது. மக்னீசிய மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் விழுங்கலாகாது. சிறுநீரகம் பழுதுபட்டோர் உடலில் அது தேங்கித் தீங்கு செய்யும். உணவு சீர்பட்டதென்று நீரிழிவு மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது.

நெல் அரைக்கக் கொடுப்போர் உமி நீக்கினால் போதும், தீட்ட வேண்டாம் என்று ஆலையில் முன்னரே சொல்லிவிட வேண்டும். தவிட்டின் எண்ணெய்ப் பசையால் இவ்வரிசி விரைவில் சிக்கு நாறும். ஆதலால் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் அரைத்து வைப்பது நன்று. சமைக்குமுன் சில மணி நேரம் ஊறவைத்தால் சோறு மெத்தென வேகும்.